குந்தாவா, கேத்தியா, மாயாறா? நீலகிரியில் மண் ரோட்டுச் சைக்கிளுக்கு எந்தப் பள்ளத்தாக்கு?

மண்ணிலும் ஜல்லியிலும் ஓட்டுகிற கிராவல் சைக்கிள் வாங்கிய கையோடு கோவைக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் கேட்கிற முதல் கேள்வி, "மலையில எங்க ஓட்டலாம்?" என்பதுதான். கேட்பது நியாயம். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுவதற்கு அந்தத் தடித்த டயர் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் லாரிக்கும் டூரிஸ்ட் வேனுக்கும் நடுவில் மூச்சுப் பிடித்து ஏறுவதில் ஒரு பெருமை இருக்கலாம், நிம்மதி கிடையாது. நிம்மதி வேண்டுமென்றால் ஊட்டியைத் தாண்டி ஏதாவது ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும்.

எந்தப் பள்ளத்தாக்கு என்று பேச்சு வந்தால் மூன்று பெயர்கள் வரும். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் காட்டேரி ஓடை ஓடும் கேத்திப் பள்ளத்தாக்கு. தென்மேற்கே எமரால்டு, குந்தா பாலம், மஞ்சூர் என்று நீளும் குந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கு. வடக்கே, மலைக்கு அடியில், மாயாற்றுப் பள்ளத்தாக்கு. மூன்று தண்ணீரும் கடைசியில் பவானிக்குத்தான் போகின்றன. ஆனால் மூன்றிலும் சைக்கிள் ஓட்டுகிற அனுபவம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது.

ஒப்பிடும்போது பலரும் முதலில் பார்ப்பது ஏற்றத்தையும் கிலோமீட்டரையும். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, மெல்லிய கோடாகத் தெரிகிற பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். நீலகிரியில் அது போதாது. இங்கே ஒவ்வொரு மண் ரோட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எஸ்டேட் போட்ட ரோடு, வனத்துறை ரோடு, மின்வாரியம் அணைக்கும் பவர் ஹவுசுக்கும் போட்ட ரோடு, ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்துக்குப் போக வெட்டிய ரோடு என்று நான்கு வகை. வரைபடத்தில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். எஸ்டேட் ரோட்டில் கேட்டும் வாட்ச்மேனும் இருப்பார்கள். காப்புக்காட்டு ரோட்டில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் அது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம், அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஊர் ரோட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள், ஒரு வணக்கம் சொன்னால் போதும். ஆகவே எந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ரோடு அதிகம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மழையும் ஏற்றமும் அதற்கு அப்புறம்.

மாயாறு: மேலிருந்து பார்க்க வேண்டிய ஆறு

மூன்றில் அதிகம் ஆசை காட்டுவது மாயாறுதான், அதனால் அதை முதலில் முடித்துவிடலாம். பைக்காரா ஆறு மலையிலிருந்து இறங்கி, முதுமலைப் பக்கம் மாயாறாகி, நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவில் ஆழமான பிளவாகக் கிழக்கே ஓடி, பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. இந்தப் பிளவின் அடியில் சமவெளி போலக் கிடக்கிற காட்டில் செம்மண் பாதை இருக்கிறது. படத்தில் பார்த்தால் எந்தச் சைக்கிள்காரருக்கும் கால் பரபரக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் தெங்குமரஹாடா இருக்கிறது. கணக்குப்படி நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. போவதற்கோ ஈரோடு மாவட்டத்து பவானிசாகரிலிருந்து காட்டு ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். பஸ் மாயாற்றுக் கரையோடு நின்றுவிடும். ஆற்றைப் பரிசலில் கடந்தால்தான் ஊர். ஆற்றில் முதலை உண்டு. கரையோர மருத மரங்களில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாட்டில் அந்த இனம் மிஞ்சியிருக்கிற மிகச் சில இடங்களில் இது ஒன்று. யானை, புலி, சிறுத்தை, வெளிமான் எல்லாம் நடமாடுகிற காடு. ஒருபுறம் முதுமலை, மறுபுறம் 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம்.

இங்கே சைக்கிளில் போகலாமா என்று கேட்டால் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். அனுமதி கிடைக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சைக்கிள் சத்தமில்லாத வண்டி. ஜீப் என்றால் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டு ஒதுங்க யானைக்கு நேரம் கிடைக்கும். புதர் வளைவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் வந்து நிற்கிற மனிதனைக் கண்டால் அதற்கு ஒதுங்க நேரமில்லை, நமக்குத் திரும்ப நேரமில்லை. "ரகசியமா ஒரு வழி இருக்கு" என்று யாராவது ஜிபிஎஸ் தடத்தை அனுப்பினால் அதை அழித்துவிடுவது நல்லது. வனத்துறையிடம் மாட்டுகிறவரைவிட, அந்தத் தடத்தை நம்பிப் பின்னால் வருகிற புதியவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன்.

மாயாற்றை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு சுமார் 18 கிலோமீட்டர். தார் ரோடுதான், ஆனால் தேயிலைக்கு நடுவே ஏறி இறங்கிப் போகிற அழகான ரோடு. முனையில் நின்றால் காலடியில் மாயாறு வெள்ளிக் கம்பியாக வளைந்து போவதும், காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடாவின் வயல்கள் பச்சைத் துண்டாகத் தெரிவதும், எதிரே ரங்கசாமி மலையும் அதன் தூணும் காணக் கிடைக்கும். கீழ் கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கமும் இதே விளிம்புதான், வண்டி நடமாட்டம் இன்னும் குறைவு. நடுவில் கிளை பிரியும் மண் பாதைகளில் பெரும்பாலானவை எஸ்டேட் பாதைகள், கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் கரடி வருவது தினப்படி விஷயம்.

கிராவல் ஓட்ட வந்தவருக்கு இது பாதி விருந்துதான். தார் அதிகம், மண் குறைவு. அதனால் இதைப் பந்தியில் சேர்க்காமல், கோத்தகிரியில் தங்குகிறவர்களுக்கு அரை நாள் சவாரி என்று தனியாக வைத்துக்கொள்கிறேன். உண்மையான போட்டி கேத்திக்கும் குந்தாவுக்கும்தான்.

கேத்தி: பக்கத்தில் இருப்பதன் பலம்

கேத்தியின் பெரிய வசதி, அது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இருப்பது. ஊட்டியிலிருந்து லவ்டேல் வழியாக இறங்கினால் பள்ளத்தாக்கு விரிந்துவிடும். நீலகிரி மலை ரயில் இந்தச் சரிவின் மேலேதான் போகிறது. 1899-இல் குன்னூர் வரைக்கும் வந்த பாதை 1908-இல் ஊட்டியைத் தொட்டது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் கேத்தி ஸ்டேஷனும் லவ்டேல் ஸ்டேஷனும் இருக்கின்றன. கீழே காய்கறித் தோட்டத்துப் பாதையில் மிதித்துக்கொண்டிருக்கும்போது மேலே ரயில் ஊதுகிற சத்தம் கேட்கும். கூட வந்த பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இங்கே மண் பாதைகள் தேயிலைக்கானவை அல்ல, காய்கறிக்கானவை. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு என்று படிப்படியாக வெட்டிய வயல்கள். அவற்றுக்கு நடுவே ஒரு பிக்கப் வண்டி மட்டும் போகிற அளவுக்குப் பாதை. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ரோடு எப்போதும் ஈரம், எப்போதும் சேறு, வெயில் காலத்திலும் அப்படித்தான். முன் பிரேக்கைப் பிடிக்காமல் மெதுவாகக் கடக்க வேண்டிய இடம் அது. தோட்டப் பாதையில் வேறொரு விஷயம் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங்லருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்புக் குழாய்கள் பாதைக்குக் குறுக்கே கிடக்கும். ஈர மண்ணில் அவை கண்ணுக்குத் தெரியாது. சாய்வாக ஏற்றினால் சக்கரம் வழுக்கும், நேராக ஏற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் நேராக ஏற்றினாலும் அது ஒருவருடைய குழாய். இணைப்பு கழன்றால் அவர் மறுபடி வந்து பூட்ட வேண்டும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கடப்பதே மரியாதை.

லவ்டேல், கேத்தி, கேத்தி பாலாடா, காட்டேரி அணை, அங்கிருந்து குன்னூர்ப் பக்கம் என்று பொதுவாக இறங்கிக்கொண்டே போகலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவில் சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு, ஆனாலும் மொத்தத்தில் இறக்கம்தான். காட்டேரி நீர்வீழ்ச்சியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரவங்காடு வெடிமருந்து ஆலைக்காக மின்சாரம் எடுத்தார்கள். தென்னிந்தியாவின் முதல் நீர்மின் நிலையங்களில் அது ஒன்று.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். கேத்தியில் ஊர் விட்டால் ஊர், வீடு விட்டால் வீடு. ஆள் இல்லாத பாதை என்று தொடர்ந்து இரண்டு கிலோமீட்டர் கிடைப்பது அரிது. மண் பாதைகள் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒரு துண்டு முடிந்ததும் தார் ரோட்டுக்கு ஏறி அடுத்த துண்டைத் தேட வேண்டும். பாதைகள் குறுகல், அறுவடை நாளில் மூட்டை ஏற்றுகிற வண்டி நின்றால் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். நாய்களும் அதிகம். தனிமையையும் நீண்ட மண் பாதையையும் தேடி வந்தவர் இங்கே ஏமாந்து போவார்.

ஆனால் முதல் தடவை மலையில் கிராவல் ஓட்டுகிறவருக்கு, குடும்பத்தோடு வருகிறவருக்கு, ஒரே நாள்தான் கையில் இருக்கிறவருக்குக் கேத்தியைத்தான் சொல்வேன். எந்த இடத்தில் பஞ்சரானாலும், கால் பிடித்துக்கொண்டாலும் மெயின் ரோடும் டீக்கடையும் பக்கத்தில் இருக்கும். மலையில் அது சின்ன விஷயமில்லை.

குந்தா: குழாய்க்குள் போன ஆறு

என் மனசு குந்தாவின் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குந்தா ஆறு அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து மேட்டுப் புல்வெளிகளிலும் சோலைகளிலும் தொடங்குகிறது. 1950-களிலும் 60-களிலும் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு இந்த ஆற்றில் வரிசையாக அணைகளும் பவர் ஹவுஸ்களும் கட்டினார்கள். அவலாஞ்சி, எமரால்டு இரண்டு நீர்த்தேக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. அங்கிருந்து தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் குந்தா பாலத்துக்குப் போய் அங்கே ஒரு பவர் ஹவுசைச் சுழற்றுகிறது. மறுபடி அணையில் தேங்குகிறது, மறுபடி குழாய்க்குள் புகுந்து கெத்தையில் இன்னொரு பவர் ஹவுஸ், பிறகு பரளி, பிறகு பில்லூர். பில்லூர் அணையிலிருந்துதான் கோவைக்குக் குடிநீர் வருகிறது. கோவையிலிருந்து சைக்கிளோடு வருகிறவர், தன் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் பிறப்பிடத்தைத் தேடித்தான் மிதிக்கிறார் என்று சொல்லலாம்.

இந்தத் திட்டத்தால் சைக்கிள்காரருக்கு ஒரு லாபம் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. அணை கட்டவும் குழாய் பதிக்கவும் போட்ட ரோடுகள் இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்குக்குள் இவ்வளவு எளிதாகப் போயிருக்க முடியாது. அதே நேரம், ஆற்றின் பாதித் தண்ணீர் மலைக்குள்ளே ஓடுவதால், கரையோரமாகவே போகிற சவாரி என்று இங்கே எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் தேங்கும் இடங்களில் பார்க்கலாம், நடுவில் பாறையும் ஓடையும்தான். போர்த்திமந்து அணையையும் அவலாஞ்சி–எமரால்டையும் இணைத்து 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் ஒன்றும் கட்டி வருகிறார்கள். அந்த வேலைக்கான டிப்பர் லாரிகள் குறுகலான ரோட்டில் எதிரே வரலாம். வளைவுகளில் இடது ஓரத்தை விடவே கூடாது.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு சுமார் 20 கிலோமீட்டர். முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டியதும் கூட்டம் குறையும், காற்று மாறும். இத்தலாரிலிருந்து தேயிலை தொடங்கிவிடும். அங்கிருந்து எமரால்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றியும், குந்தா பாலத்தின் பக்கம் இறங்குகிற சரிவுகளிலும், ஊர்களிலிருந்து தோட்டங்களுக்குப் போகிற மண் ரோடுகள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. இங்கேதான் நான் முதலில் சொன்ன சொந்தக்காரர் கணக்கு வருகிறது. படுகர்களின் நான்கு சீமைகளில் குந்தை சீமை ஒன்று. இந்தச் சரிவுகளில் ஹட்டிகள், அதாவது படுகர் ஊர்கள், நெருக்கமாக இருக்கின்றன. தேயிலையில் பெரும் பகுதி பெரிய கம்பெனிகளிடம் இல்லை, ஒன்று இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. ஆகவே மண் ரோடும் ஊருடையது. கேட் கிடையாது.

கேட் இல்லை என்பதற்காகக் கேட்காமல் போகலாம் என்று அர்த்தமில்லை. ஒரு ஹட்டியின் ஓரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இப்படிப் போனா பாலத்துப் பக்கம் இறங்கலாங்களா?" என்று கேட்டேன். "போலாம் தம்பி. ஆனா பதினோரு மணிக்கு மேல இலை வண்டி ஏறி வரும். சத்தம் கேட்டா மேட்டுப் பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க" என்றார். எந்த வரைபடமும் சொல்லாத தகவல் அது. பறித்த பசுந்தேயிலையைச் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகிற பிக்கப் வண்டிகளுக்கு நேரம் முக்கியம். இலை வாடினால் விலை குறைந்துவிடும். அவர்கள் நிற்க மாட்டார்கள், நாம்தான் நிற்க வேண்டும். அது அவர்கள் பிழைப்பு, நமக்கு அது விடுமுறை நாள்.

தேயிலைப் பாதையின் தரையைப் பற்றிக் கொஞ்சம். காய்ந்திருக்கும்போது செம்மண் கெட்டியாக இருக்கும், டயர் ஒட்டிக்கொண்டு ஓடும். மேடான இடங்களில் ஜல்லி கொட்டியிருப்பார்கள். அந்தக் கல் உருட்டிப் பதிக்காத கல், ஏறும்போது பின் சக்கரம் சுழன்று நிற்கும். உட்கார்ந்தபடியே, பின் சக்கரத்தின் பெரிய பல்லில், சீராக மிதித்தால்தான் ஏறும். மழை பெய்தால் அதே செம்மண் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கக்கூட முடியாது. இன்னொன்று, கவாத்துக் குச்சி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். வெட்டிய குச்சிகள் பாதையில் விழுந்து கிடக்கும். வெட்டு வாய் சாய்வாக, உளி முனை மாதிரி இருக்கும். கல்லுக்குப் பயப்படாத டயர் இதற்குப் பயப்பட வேண்டும், ஏனென்றால் அது டயரின் பக்கவாட்டில் குத்தும். அங்கே ரப்பர் மெல்லியது. கவாத்து நடக்கிற தோட்டம் என்று தெரிந்தால் அந்தத் துண்டு தூரத்தைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். டியூப்லெஸ் டயராக இருந்தாலும் பக்கவாட்டுக் கிழிசலை உள்ளே ஊற்றுகிற திரவம் அடைக்காது. ஒரு துண்டு பழைய டயரை ஒட்டுப் போட எடுத்துப் போவது நல்லது.

குந்தாவின் குறை ஏற்றம். ஊட்டியிலிருந்து குந்தா பாலத்துக்கு இறங்குவது 500 மீட்டருக்கு மேல், அங்கிருந்து மஞ்சூருக்கு மறுபடி ஏற வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று கிளம்புகிறவர்கள், திரும்பி ஏறும்போது மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் எமரால்டைச் சுற்றி ஓட்டி, குந்தா பாலத்தைக் கடந்து மஞ்சூரில் தங்கல், மறுநாள் மெதுவாகத் திரும்பல் என்று இரண்டு நாளாக வைத்துக்கொள்ளும் வசதி இருப்பவருக்கு மட்டுமே நான் குந்தாவைச் சொல்வேன். ஒரு நாள்தான் என்றால் எமரால்டு வரைக்கும் போய்த் திரும்பலாம், ஆனால் பள்ளத்தாக்கின் பாதிதான் பார்த்ததாகும்.

இந்தப் பக்கம் காட்டுமாடுகளையும் கணக்கில் வைக்க வேண்டும். தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருக்கும், அமைதியாகத்தான் தெரியும். பாதையில் நின்றால் மணி அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, நடுவில் புகுந்து போகவே கூடாது. அது நகரும் வரை தூரத்தில் நிற்க வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் நிற்க வேண்டும்.

குந்தாவுக்கு வருகிறவர்களை மயக்குகிற மூன்று இடங்கள் உண்டு, மூன்றையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். அவலாஞ்சி சோதனைச் சாவடிக்கு உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக முடியும், சைக்கிளுக்கு இடமில்லை. அப்பர் பவானியும் அப்படித்தான், கட்டுப்பாட்டில் இருக்கிற காடு. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்குகிற ரோடு 43 கொண்டை ஊசி வளைவுகளோடு ஆசை காட்டும். கோவைக்காரருக்கு அது வீட்டுக்குப் போகிற நேர் வழியும்கூட. ஆனால் அது யானை ரோடு. குட்டியோடு கூட்டமாக நிற்பதை பஸ்காரர்களே அடிக்கடி பார்க்கிறார்கள், பஸ்ஸையே நிறுத்திவைக்கிறார்கள். தார் ரோடு என்பதால் கிராவலுக்கும் அதில் ஒன்றுமில்லை.

எந்த மாதம்

இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது பல சமயம் மழைதான். நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது மேற்கே குந்தா, அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் குந்தாவின் பேச்சையே எடுக்க வேண்டாம். மேற்கு மலைகள் மழையைத் தாங்கிக்கொள்வதால் கேத்தியில் அப்போது சாரலும் மேகமும்தான் அதிகம், இடைவெளி பார்த்து ஓட்டலாம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கிழக்கே கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கம் பலமாக அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படிவயல்களின் மண் ஈரம் ஊறிப்போயிருக்கும் நாட்களில் அந்தச் சரிவுகளில் சைக்கிள் ஓட்டுவது விளையாட்டில்லை.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டுமே காய்ந்திருக்கும். குந்தாவுக்கு அதுதான் காலம். ஜனவரியில் உறைபனி விழும், விடியற்காலையில் புல் வெள்ளையாக இருக்கும், விரல் மரத்துப் போய் பிரேக் பிடிக்காது. காலை 8 மணிக்கு வெயில் வந்த பிறகு கிளம்பினால் போதும். முழு விரல் கையுறை கட்டாயம். ஏப்ரல், மே என்றால் கேத்தியே. ஊட்டி முழுக்க டூரிஸ்ட் நெரிசல், குந்தாவுக்குப் போய்ச் சேரவே பாதி நாள் போய்விடும். அந்த மாதங்களில் கேத்தியையும் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் எது என்பதில் ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. கேத்திக்குச் சாதாரண ஹைபிரிட் சைக்கிள், 35 மில்லிமீட்டர் டயர் போதும். குந்தாவுக்கு 40-க்குக் குறையாத டயர், டிஸ்க் பிரேக், முன் பல்லைவிடப் பின் பல் பெரிதாக இருக்கிற ஒரு கியராவது வேண்டும். கிராவல் சைக்கிள் இல்லையென்றால் பழைய எம்டிபி என்கிற மலைச் சைக்கிள் இரண்டுக்கும் பொருந்தும், தார் ரோட்டில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். காற்றைத் தார் ரோட்டுக்கு அடைக்கிற அளவில் அடைத்துக்கொண்டு வராதீர்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சரியாக இருக்கும்.

காரில் சைக்கிளை ஏற்றி வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சைக்கிளில் இரண்டு பாட்டில் மாட்டி வந்து டீக்கடைகளில் நிரப்பிக்கொள்ளலாம். குந்தாவில் ஹட்டிக்கும் ஹட்டிக்கும் நடுவே கடை இருக்காது, எமரால்டிலேயே வர்க்கியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சிக்னல் பள்ளத்தில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், போகிற வழியைத் தங்குமிடத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாம் நாள் ஏற்றம் முடியாது என்று முதல் நாளே தோன்றிவிட்டால் வீம்பு வேண்டாம். மஞ்சூர் பஜாரில் சாயங்காலமே பிக்கப் வண்டிக்காரர் யாரிடமாவது பேசி வைத்தால், காலையில் ஊட்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும்போது உங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார். வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.